புங்கமரத்தடியில் இஞ்சி லில்லி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், ஜனவரி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வீடு திரும்பிக் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே நான் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டுப் புழக்கடையில் நிற்கிற புங்கமரத்தை வெட்டிவிடுவது. வெட்டிவிட்டு அந்த இடத்தில் ரோஜாத் தோட்டம் போடுவது.

தீர்மானம் செய்வதில் நான் கெட்டிக்காரன். அதற்கு மேல்தான் கொஞ்சம் சுணக்கம். ஆனால் இந்தத் தடவை விஷயம் மானப் பிரச்சினையாகிவிட்டது. அன்று காலை ஆராதனையில் மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கூஜா நிறைய ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். எல்லாம் எங்கள் அடுத்த வீட்டு வெங்கடரமணன் தோட்டத்துப் பூ. போதகர் அறிவிப்பு வாசிக்கும்போது, இந்த அழகான பூக்களை மனமுவந்து அனுப்பிய அந்த இந்து சகோதரரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். சபையில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சபைக் காரியதரிசி நான். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் முழுக்க ரோஜா. இந்தப் பக்கம் முழுக்கப் புங்கஞ்சருகு.

சித்தூர் ஜில்லா கோர்ட்டில் நான் நகல் எழுதும் குமாஸ்தா. பெயர் கிருபானந்தம். சாட்சிகள் சொல்வதை ஒரு எழுத்து பிசகாமல் படி எடுத்து எடுத்துக் கை தேய்ந்தவன். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பையன் வேலூரில் படிக்கிறான். வீட்டில் நானும் என் சம்சாரம் தபீதாளும்தான். என் எந்தத் தீர்மானத்துக்கும் முதல் ஆட்சேபணை அவளிடமிருந்து வரும் என்பது என் இருபத்திரண்டு வருஷத்து அனுபவம். ஆகையால் வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டே வந்தேன். மரத்தில் பழம் இல்லை. காய் இருக்கிறது, ஆனால் வாயில் வைக்க முடியாது. பூ உதிர்ந்து கிணற்றில் விழுகிறது. இப்படி ஏழு நியாயங்கள்.

"புங்கமரத்தை வெட்டப் போறேன்" என்றேன்.

"வெட்டிடுங்க" என்றாள் தபீதாள்.

"ரோஜா வைக்கப் போறேன்."

"வைங்க."

"நீ ஒண்ணும் சொல்லலியே."

"சொல்றதுக்கு இன்னா இருக்குது. மரம் உங்களுது. கோடாலி ரங்கனுது. அவன்தான் ஊர்ல இல்லை. புத்தூர் பக்கம் கரும்பு வெட்டிக்கினு இருக்கானாம். ஈஸ்டர் கழிச்சுத்தான் வருவான்."

என் ஏழு நியாயங்களும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. நான் தீர்மானம் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரங்கன் எந்த ஊரில் எதை வெட்டிக்கொண்டிருக்கிறான் என்று இவள் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவன் எதைத்தான் யோசிக்கிறான். அன்று சாயங்காலமே பெங்களூருக்குக் கடிதம் எழுதி ஒரு டஜன் ரோஜாச் செடிக்குச் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கோர்ட்டிலிருந்து வந்தபோது சமையலறை வாசல் ஓரமாக ஈரச் சாக்கில் சுற்றி ஏதோ வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். இஞ்சி போல ஒரு கிழங்கு. ஆனால் இஞ்சியைவிடக் கொழுத்தது. என்னவென்று கேட்டேன். தபீதாள் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னாள்.

"அது ஒரு பூச்செடிங்க. இஞ்சி லில்லியாம். நிழல்லதான் வருமாம். ஆள் உசரத்துக்கு மேல போகுமாம். வெள்ளை வெளேர்னு வண்ணத்துப்பூச்சி மாதிரி பூக்குமாம். மிஷன் மிஸ்ஸியம்மா பங்களாவிலகூட இது இல்லைங்க."

"எங்கே வைக்கப் போறே?"

"எங்கேயும் இல்லை. அதுக்கெல்லாம் பொறுமை வேணும். உங்க கைக்கு ரோஜாதான் சரி. கிழங்கை அப்படியே வச்சிடுங்க, யாராவது வளர்க்கத் தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. வளர்க்கத் தெரிந்தவர்களாமே. மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போவதற்கு முன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போய்விட்டேன். ரங்கன் வர இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் ஒரு சோதனை, அவ்வளவுதான்.

ரோஜாவுக்காகப் படித்து வைத்திருந்த புத்தகத்தில் இரண்டடிக் குழி என்று போட்டிருந்தது. நான் மூன்றடி தோண்டினேன். கிழங்கை அடியில் போட்டு மூடி, காலையில் நாலு குடம், மாலையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரம் தோண்டிப் பார்த்தபோது கிழங்கு கூழாகியிருந்தது. நான் நின்ற நிலையைப் பார்த்துத் தபீதாள் எனக்கு ஆறுதல் சொன்னாள். இதெல்லாம் எல்லாருக்கும் வருவதில்லை, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம், ரங்கன் வந்ததும் ரோஜா வைத்துக்கொள்ளலாம் என்றாள். அந்த ஆறுதல்தான் என்னைக் கெடுத்தது. தற்செயலாக இன்னொரு துண்டு தனியே எடுத்து வைத்திருந்ததாகவும் சொன்னாள். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தத் தடவை நாலு விரற்கடை ஆழத்தில் வைத்தேன். துணி துவைக்கிற தண்ணீர் ஓடிப் போகிற வாய்க்காலை அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். புங்கஞ்சருகைக் கூட்டி அள்ளி வேருக்கு மெத்தை போட்டேன். இருபது நாளில் பச்சையாக ஒரு முளை, சுருட்டி வைத்த காகிதம் மாதிரி எட்டிப் பார்த்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் ஐந்து. நான் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் அவைகளைப் போய்ப் பார்த்தேன்.

ஊரெல்லாம் சொல்லியும் விட்டேன். கோர்ட்டில் யாராவது கேட்டால், சீமையிலிருந்து தருவித்தது, இந்த ஜில்லாவிலேயே வேறெங்கும் கிடையாது என்றேன். சீமை என்று தபீதாள் சொன்னாளா, நான் சேர்த்தேனா என்று அப்போது நினைவில்லை. வெங்கடரமணன் மட்டும் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏமி சார், மஞ்சப் பயிரா? பாகுந்தி" என்று தெலுங்கு கலந்து மெச்சினார். தாலுகா ஆபீசில் பயிர்க் கணக்கு எழுதுகிறவருக்கு வேறென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

என் புத்தி அதோடு நிற்கவில்லை. எந்தச் செடியானாலும் கொஞ்சம் வெளிச்சம் பட்டால் நல்லதுதானே என்று, மார்ச் கடைசியில் ஏணி போட்டு ஏறி, கொடுவாளால் புங்கமரத்தின் தெற்குக் கிளை ஒன்றைக் கழித்துவிட்டேன். மறுநாளிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஓட்டை வழியாக வெயில் இறங்கி மூன்று மணி வரைக்கும் செடிமேலேயே குந்தியிருந்தது. மூன்றே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. நான் பதறிப் போனேன். ஈரச் சாக்குக் கட்டினேன். அது போதவில்லை. என் கோர்ட்டுக் குடையை விரித்து மூங்கிலில் கட்டிச் செடிக்குப் பிடித்தேன். செடி குடைக்குக் கீழே நின்றது. நான் வெறுந்தலையோடு கோர்ட்டுக்குப் போனேன். குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான செரஸ்தார் என்னைக் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது வேண்டுதலா, கிறிஸ்தவர்களில்கூட உண்டா என்று கரிசனமாக விசாரித்தார்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை. நான் குடையின் கட்டைச் சரி செய்துகொண்டிருந்தேன். பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ரங்கன் வந்து நின்றான். தோளில் கோடாலி. இடுப்பில் கயிறு.

"எங்க சார் ஆரம்பிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தான்.

நான் செடிக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். இந்த மரத்தில் ஒரு இலை குறையக் கூடாது என்றேன்.

"அம்மாதானே சார் ஆள் அனுப்பி வரச் சொன்னாங்க" என்றான் ரங்கன்.

திரும்பிப் பார்த்தேன். தபீதாள் சமையலறை வாசலில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "நீங்கதான் வெட்டணும்னு சொன்னீங்க. கரும்பு வெட்டு முடிஞ்சிடுச்சின்னு கேள்விப்பட்டேன். மறுபடியும் எங்கியாவது போய்டப் போறான்னு அவசரமா வரச் சொன்னேன்" என்றாள்.

"அப்போ சொன்னது வேற. இப்போ இருக்கிறது வேர்" என்றேன் நான், மண்ணைக் காட்டி. நல்ல பேச்சுத்தான். ஆனால் இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

தபீதாள் கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றாள். பிறகு ரங்கனைப் பார்த்து, ஐயா மனசு மாறிட்டாராம், வந்தது வந்தே, சோறு துன்னுட்டுப் போ என்றாள். அவன் கோடாலியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். புங்கத்துக்கு ஒரு பங்கமும் வரவில்லை. நான்தான் காப்பாற்றினேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெங்களூரிலிருந்து ரோஜாச் செடிகள் மே மாதத்தில் வந்து சேர்ந்தன. பலமனேர் பஸ்ஸில், கூடையில், பன்னிரண்டும் பிழைத்து வந்திருந்தன. அவைகளை எங்கே வைப்பது? மரத்தடியில் வைத்தேன். ஒரு மாதத்தில் அவை வெளுத்து, இலை கொட்டி, குச்சி குச்சியாக நின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை. அடுத்த வீட்டில்தான் வெயில் இருக்கிறதே, கொஞ்ச நாளைக்கு அங்கே வைத்துத் தேற்றி எடுத்துக்கொள்ளலாமே என்று தபீதாள் யோசனை சொன்னாள். வெங்கடரமணன் மிகவும் மரியாதையாக வந்து கூடையோடு எடுத்துப் போனார்.

ரோஜா ஓர் இடத்தில் வேர் விட்டபின் திரும்பி வருமா? அந்த வருஷம் ஐப்பசியில் பன்னிரண்டு செடியும் பூத்தன. அரக்கு நிறத்தில் ஒன்று, சந்தன நிறத்தில் ஒன்று. பெயர்களெல்லாம் இங்கிலீஷில் எனக்கு மனப்பாடம். வெங்கடரமணன் முதல் பூக்களையெல்லாம் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு ரயிலேறித் திருப்பதிக்குப் போனார். அங்கே மலையடிவாரத்து அலிபிரியில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கூடையைத் தலைமேல் வைத்து மலை ஏறினாராம். திரும்பி வந்து எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார். "மீ ரோஜாலுதான் சார், சாமிக்குப் போச்சு" என்றார், உண்மையான நன்றியோடு. நான் பணம் கட்டி வரவழைத்த ரோஜா ஏழு மலை ஏறிவிட்டது. எங்கள் கோயில் மேஜையை எட்டவில்லை. நான் லட்டைத் தின்றுகொண்டே சுவர் ஓரமாக வெகுநேரம் நின்றிருந்தேன்.

என் செடிக்கு அந்த வருஷம் பூ இல்லை. இலை மட்டும்தான். ஆனாலும் நான் விடவில்லை. அடுத்த கோடை முழுக்கத் தண்ணீர் சுமந்தேன். கழித்த கிளைக்குப் பதில் மரம் புதுக் கிளை விட்டு அந்த ஓட்டையை மூடிக்கொண்டது. ஜூலை மழைக்குச் செடி கிடுகிடுவென்று எழுந்தது. என் தோளைத் தொட்டது, தலையைத் தொட்டது, அதையும் தாண்டி ஒரு முழம் போயிற்று. புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்து பின்கதவைத் திறந்தேன். வாசனை என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. தண்டு உச்சியில் ஐந்தாறு வெள்ளைப் பூ. மரத்தடி இருட்டில் அவை மட்டும் தனியே பறப்பது மாதிரி இருந்தன.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் சித்தூரில் பெரிய மனுஷன். அறுப்பின் பண்டிகைக்குக் கோயில் மேஜையில் என் பூ. போதகர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். ஜட்ஜ் துரையின் சம்சாரம் கேள்விப்பட்டுத் தானே நேரில் வந்து, எங்கள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, என் செடியை அண்ணாந்து பார்த்தாள். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டாள். நான் சீமை என்றேன். அவளே சீமைக்காரி. சந்தேகமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தபீதாள் அவளுக்கு எலுமிச்சம்பழச் சர்பத் கொடுத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் முதல் வாரம் என் மைத்துனன் நேசகுமாரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அவன் பலமனேரில் இருக்கிறான். அது தபீதாள் பிறந்து வளர்ந்த வீடு. அந்த வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். போனால் முன்கூடத்தில் எனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி போடுவார்கள். அதில் உட்காருவேன். சாப்பாடு வரும். சாப்பிடுவேன். கை கழுவச் செம்பும் கிண்ணமும் நாற்காலிக்கே வரும். மறுநாள் பஸ் ஏறிவிடுவேன். மாப்பிள்ளை மரியாதை அப்படி.

அன்று வீடு நிறைய ஜனம். செம்பு கொண்டுவர ஆள் இல்லை. சாப்பிட்ட கையோடு நானே எழுந்து, கூடத்தைத் தாண்டி, சமையற்கட்டைத் தாண்டி, பின்வாசல் வழியாக வெளியே போனேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

கொல்லையின் ஓரமாக ஒரு கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதன் இரு கரையிலும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றரை முழம், அடர்த்தியாக, வெள்ளை வெளேரென்று இஞ்சி லில்லி. யாரும் தண்ணீர் சுமக்கவில்லை. யாரும் குடை பிடிக்கவில்லை. நடுவில் பத்துப் பன்னிரண்டு செடியை நசுக்கிக்கொண்டு ஓர் எருமை படுத்திருந்தது. அதன் முதுகில் நாலு பூ உதிர்ந்து கிடந்தது.

என் கை காய்ந்து போயிற்று. நேசகுமார் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான்.

"இன்னா மாமா இங்க வந்து நிக்கிறீங்க. சொல்லியிருந்தா தண்ணி குடுத்தனுப்பியிருப்பேனே."

"இது என்ன செடி?"

"இதா? காவாப்பூ மாமா. காவா ஓரத்தில வருதில்ல, அதான். நைனா இருந்தப்பவே வெட்டி வெட்டிப் போட்டுப் பார்த்தார், போகலை. முந்தின வருஷம் அக்காவுக்கு இது மேல திடீர்னு ஆசை. கடிதாசி போட்டுக் கேட்டுச்சு. ஒரு கூடை கிழங்கு பஸ்ஸில போட்டு அனுப்பினேன்."

ஒரு கூடை. ஒரு கூடைக் கிழங்கில் எனக்கு ஒவ்வொரு துண்டாக வந்திருக்கிறது.

மறுநாள் பஸ்ஸில் திரும்பும்போது தபீதாள் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் பலமனேர்க் காய்கறிக் கூடை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, அவள் இரண்டு வருஷமாகச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். அது என் தொழில். எத்தனை பொய்ச்சாட்சியின் வாக்குமூலத்துக்குப் படி எடுத்திருக்கிறேன். இதில் எங்கேயாவது ஒரு பொய்யைப் பிடித்துவிட வேண்டும் என்று பார்த்தேன். நிழலில் வரும் என்றாள். வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் போகும் என்றாள். போயிற்று. மிஸ்ஸியம்மா பங்களாவில்கூட இல்லை என்றாள். அங்கே கால்வாய் ஏது, இருப்பதற்கு. சீமை என்றது நான். ரங்கனைத் திருப்பி அனுப்பியதும் நான். ரோஜாவைத் தத்துக் கொடுத்ததும் நான். அவள் வெட்டிடுங்க என்றுதான் சொன்னாள். சித்தூர் வந்து சேரும் வரைக்கும் எனக்கு ஒரு பொய்கூட அகப்படவில்லை.

இரண்டு நாள் உள்ளுக்குள்ளேயே குமைந்தேன். மூன்றாவது நாள் கோர்ட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவளிடம் நேருக்கு நேர் கேட்டே தீர்வது என்று மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அந்த வேளையில் நான் என் வீட்டில் விழித்திருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் தூங்கிவிடுவேன். மற்ற நாளெல்லாம் கோர்ட்.

அன்று காலைச் சமையல் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருந்தும் சமையலறையைக் கடக்கும்போது கண் எரிந்தது. தாழ்ந்த ஓடு. கையகல ஜன்னல் ஒன்று. ஓடு வெயிலில் காய்ந்து, உள்ளே அடுப்புச் சூடும் சேர்ந்து, ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. நவம்பரிலேயே இப்படி. சித்திரையில் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தபீதாள் புங்கமரத்தடியில் கோரைப்பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்குக் கையை அணையாக வைத்திருந்தாள். பக்கத்தில் பாதி ஆய்ந்த கீரை. ஒரு பழைய மாதர் சங்கப் பத்திரிகை கவிழ்ந்து கிடந்தது. பகல் வெளிச்சத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் எழும்போது எழுந்திருப்பாள், படுக்கும்போது வேலையாக இருப்பாள். தலையில் நரை இவ்வளவு விழுந்திருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. காற்று வந்தது. மரம் முழுக்க அசைந்தது. பாய்மேல் ஒரு பொட்டு வெயில்கூட விழவில்லை.

தயார் செய்து வந்த கேள்விகளோடு துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"தம்பி சொல்லிட்டானா?" என்றாள்.

"சொல்லிட்டான்."

அவள் எழுந்து உட்கார்ந்து கீரையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தபீதா. நான் கேட்டிருக்க மாட்டேனா?"

"மாதுளைக்குச் சொன்னேனே."

"எந்த மாதுளை?"

அவள் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பிறகு கையை நீட்டி, என் சைக்கிள் கொட்டகையைக் காட்டினாள்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் அங்கே ஒரு மாதுளை நின்றதாம். முதல் காய்ப்பாம். பதினோரு பிஞ்சு. அவள் எண்ணி வைத்திருந்தாளாம். அந்த மாதத்தில் நான் சைக்கிள் வாங்கினேன். சைக்கிளுக்குக் கொட்டகை போட வேண்டும் என்றேன். வேறு இடத்தில் போடுங்கள் என்று மூன்று தடவை சொன்னாளாம். சனிக்கிழமை நானே வெட்டினேனாம்.

நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். சைக்கிள் நினைவுக்கு வந்தது. அதன் பச்சை நிறம் வந்தது. அதன் மணி எப்படி ஒலித்தது என்பதுகூட வந்தது. மாதுளை வரவில்லை.

"நீ அழுதியா?" என்று கேட்டேன்.

"அழுதேன். நீங்க பெல் அடிச்சுப் பார்த்துக்கினு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கீரையில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சொன்னாள். நான் கல்லிலிருந்து இறங்கிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நிழல் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று இருபது வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு சரியில்லை. சனிக்கிழமை சந்தைக்குப் போய் ஒரு மாதுளங்கன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கே வைக்கலாம், நீயே சொல்லு என்றேன். அப்படி நான் அவளைக் கேட்டதும் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் முகம் ஒரு நிமிஷம் எப்படியோ ஆயிற்று. கன்றை வாங்கி இலையைத் தடவிப் பார்த்தாள்.

"மாதுளைக்கு நல்ல வெயில் வேணுமேங்க" என்றாள்.

இருவரும் புழக்கடையைச் சுற்றி வந்தோம். மரத்தடியில் வெயில் இல்லை. கிணற்றடியில் இல்லை. துவைக்கிற கல் பக்கம் என் இஞ்சி லில்லி நிற்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் அடிக்கிற இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். இருவரும் அதற்கு எதிரே போய் நின்றோம். அவள் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். நான்தான் ஏணியை எடுத்துக்கொண்டு வந்து சைக்கிள் கொட்டகையின் கூரையைப் பிரித்தேன்.

மாதுளை இப்போது என் இடுப்புயரம். இந்த வருஷம் நாலு பிஞ்சு விட்டிருக்கிறது. சைக்கிள் ஒரு மழைக்காலம் வெளியே நின்றது. வீணாகத் துருப்பிடிக்கிறதே என்று தபீதாள் அதைத் தம்பிக்கு அனுப்பிவிட்டாள். நான் கோர்ட்டுக்கு நடந்து போகிறேன். நடக்கிறது உடம்புக்கு ரொம்ப நல்லதாம்.